குட்டி சிச்லிட் மீன்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பல வருடமாகக் குட்டி சிச்லிட்களை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து வருகிறேன். மீன் கொடுக்கும்போதும், கடையில் நிற்கும்போதும், இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய இருபதுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

டுவார்ஃப் சிச்லிட்னா என்ன மீன் சார்? ஏஞ்சல் மாதிரியா?

ஏஞ்சலும் சிச்லிட்தான். ஆஸ்கர், டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன் எல்லாமே அந்தக் குடும்பம். நாம் வாங்கிக் குழம்பு வைக்கும் ஜிலேபி கெண்டைகூட ஒரு சிச்லிட். இந்தப் பெரிய குடும்பத்தில் சுமார் பத்து சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும் மீன்களை ‘டுவார்ஃப்’ என்று வளர்ப்பவர்கள் அழைக்கிறார்கள். அறிவியலில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

நம் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் நான்கு வகை. தென் அமெரிக்காவின் அபிஸ்டோகிராமா (அதில் மட்டுமே 90-க்கும் மேற்பட்ட இனங்கள்), அதே கண்டத்தின் ராம் மீன்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ், கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் மீன்கள். நான்குக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. முட்டையிட்டுவிட்டுப் போய்விடாது. கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்வதுபோல, தாய் மீன் முன்னால் போக, ஊசிமுனை அளவுக் குஞ்சுகள் கூட்டமாகப் பின்னால் போகும். அதை ஒருமுறை வீட்டில் பார்த்தவர்கள் இந்த மீனை விடமாட்டார்கள்.

முதல் தடவையா வளர்க்கப் போறேன். எதை வாங்கலாம்?

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நிறம் பார்த்து மீனை வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற தண்ணீரைத் தேடி அலைவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதிப் பேர் பாதியில் விட்டுப்போகக் காரணம்.

பொதுவாகச் சொன்னால், ஓரளவு கடினமான தண்ணீர் என்றால் கிரிபென்சிஸ். தெற்கு நைஜீரியா, கேமரூன் பகுதி மீன்; சொன்னபடி கேட்கும், முட்டையும் சீக்கிரம் வைக்கும். அபிஸ்டோதான் வேண்டும் என்றால் ககடுவாய்டிஸ். காக்கட்டூ கிளியின் கொண்டைபோல முதுகுத்துடுப்பு நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். மற்ற அபிஸ்டோக்களைவிடச் சற்றுக் கடினமான தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். ராம் வேண்டும் என்றால் பொலிவியன் ராம். எல்லோரும் முதலில் கை வைப்பது ப்ளூ ராமில்தான். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எங்க வீட்டுல போர் தண்ணி. டி.டி.எஸ். 900 காட்டுது. அபிஸ்டோ வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் அப்படியே ஊற்றி முடியாது. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் அது ‘ஜி.எச்.’ எனப்படும் கடினத்தன்மை. பைகார்பனேட் இருந்தால் ‘கே.எச்.’ கடலோரப் பகுதிகளில் அதே 900-இல் பெரும்பங்கு வெறும் உப்பாகவும் இருக்கலாம். ஜி.எச்., கே.எச். இரண்டையும் பார்க்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுங்கள். மீன் வாங்கும் முன் வாங்க வேண்டிய பொருள் அது.

கே.எச். அதிகமாக இருக்கும் தண்ணீரில் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) குறைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். மாலையில் 6.5-க்கு இறங்கும், காலையில் 8-க்கு ஏறி நிற்கும். மீனைக் கொல்வது 8 என்ற எண்ணைவிட இந்த ஏற்ற இறக்கம்தான். சரியான வழி, ஆர்.ஓ. தண்ணீரில் போர் தண்ணீரைக் கலப்பது. ஆர்.ஓ. 40, போர் 900 என்றால், ஏழு பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் சேர்த்தால் 150-ஐ ஒட்டி வரும். ககடுவாய்டிஸ் முட்டை பொரிக்க இது போதும். வளர்க்க மட்டும் என்றால் 250, 300 வரைகூடப் பரவாயில்லை. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. கே.எச். இல்லாத தண்ணீரில் பி.எச். ஒரே நாளில் சரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை இன்னொரு வரம். முதல் இரண்டு மழை மாடியைக் கழுவிவிட்டுப் போகட்டும். அதன்பின் சுத்தமான டிரம்மில் பிடித்து, மூடி வைத்து, ஆர்.ஓ.வுக்குப் பதில் பயன்படுத்தலாம். நான் ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு மாதத்துக்காகவே காத்திருக்கிறேன். இந்த வேலையெல்லாம் உங்களுக்கு அதிகம் என்று தோன்றினால், கடினத் தண்ணீரையே விரும்பும் மீனும் இருக்கிறது. நத்தை ஓட்டு மீன் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

பாதாம் இலை போட்டா பி.எச். குறையும்னு சொல்றாங்களே?

மென்மையான தண்ணீரில் கொஞ்சம் குறையும். மேலே சொன்ன 900 போர் தண்ணீரில் ஒரு சாக்கு இலை போட்டாலும் நிறம்தான் மாறும், பி.எச். அசையாது. ஆனாலும் நான் எல்லாத் தொட்டியிலும் போடுகிறேன். அமேசான் ஓடைகளில் அபிஸ்டோ வாழ்வதே உதிர்ந்த இலைக் குவியலுக்குள்தான். பெண் மீனுக்கு மறைவு கிடைக்கும். இலை மட்கும்போது அதன்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குஞ்சுகள் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும்.

நம் தெருவோர நாட்டு வாதுமை மரத்தின் இலைதான் அது. மரத்திலிருந்து பறிக்காமல், பழுத்துச் சிவந்து தானாக விழுந்ததை எடுத்து, கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் இடத்தில் பொறுக்க வேண்டாம். இருபது லிட்டருக்கு ஓர் இலை போதும்.

ரெண்டு அடி தொட்டி போதுமா?

ஒரு ஜோடிக்குப் போதும். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடி என்றால் சுமார் 55 லிட்டர் வரும். இந்த மீன்கள் தரையோடு வாழ்பவை. அதனால் உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் கணக்கு. ஓர் ஆண், இரண்டு மூன்று பெண் என்று அபிஸ்டோ வைப்பதானால் மூன்று அடி வேண்டும்.

தொட்டி வெச்சு ஒரு வாரம் ஆச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மீன் விடலாமா?

விடாதீர்கள். கண்ணாடி போன்ற தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வெறும் தொட்டியை ஓட்டுங்கள். நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியின் ஸ்பாஞ்சை வாங்கி வந்து வைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன்.

குட்டி சிச்லிட்களுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே சிறந்தது. குஞ்சுகளை இழுக்காது. மெட்ரோ வாட்டர் ஊற்றுபவர்கள் குளோரினை மறக்கக் கூடாது. ஒருநாள் ஏர் பம்ப் ஓடவிடுங்கள், அல்லது தயோசல்பேட் கரைசல் விடுங்கள்.

அடியில மணல் போடணுமா, கலர் கல்லு போடலாமா?

மணல். ராம் மீனின் பேரினப் பெயரான மைக்ரோஜியோஃபேகஸ் என்பதற்கே ‘சிறிய மண் உண்ணி’ என்று பொருள். வாய் நிறைய மணலை அள்ளி, உணவைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். அபிஸ்டோவும் அப்படித்தான். கலர் கல்லில் இந்த வேலை நடக்காது. வீடு கட்டும் இடத்திலிருந்து ஆற்று மணல் ஒரு வாளி வாங்கி, சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஒரு கைப்பிடியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது. மென்மையான தண்ணீர் மீன்களுக்கு அது வேண்டாம்.

கத்திரி வெயில்ல தண்ணி 32 டிகிரி போகுது. தாங்குமா?

ப்ளூ ராம் 30 வரை சந்தோஷமாக இருக்கும். வெனிசுவேலா, கொலம்பியாவின் ஒரினோகோ சமவெளியில் அது வாழும் தண்ணீரே சூடானது. அபிஸ்டோக்களுக்கு 24 முதல் 27 நல்லது. 32-ஐச் சில நாள் தாங்கும், மாதக்கணக்கில் அல்ல. சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

மேல்மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், மீன் குதிக்காமல் இருக்க. சின்ன மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி வையுங்கள். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் இவ்வளவு இறங்காது. கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன், பாதித் தீவனம். ஐஸ் கட்டி போடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு நேர்மாறான அதிர்ஷ்டம். பரகுவே ஆற்றுப் பகுதியிலிருந்து வரும் அபிஸ்டோகிராமா பொரெல்லி குளிர்ச்சியையே விரும்பும். எங்களால் இங்கே நிம்மதியாக வளர்க்க முடியாத அழகான மீன் அது.

மூணு தடவை ப்ளூ ராம் வாங்கிட்டேன். ரெண்டே வாரத்துல செத்துப்போகுது. என்ன தப்பு பண்றேன்?

பாதித் தப்பு உங்களுடையது அல்ல. 1948-இல் விவரிக்கப்பட்ட இந்த மீன், இன்று நம்மிடம் வருவது பெரும்பாலும் பண்ணைகளில் பல தலைமுறை பெருக்கப்பட்டது. நிறம் கூட்டவும் உருண்டையாக்கவும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வலு குறைந்துவிட்டது. பண்ணையில் சூடான, மென்மையான தண்ணீர். பிறகு பையில் பயணம், மொத்தக் கடையின் தண்ணீர், சில்லறைக் கடையின் தண்ணீர், கடைசியில் உங்கள் போர் தண்ணீர். ஒரே மாதத்தில் நான்கு தண்ணீர் மாறிய மீன் அது. அதன் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். முழு நிறத்தோடு கடையில் நிற்பது அதில் ஒரு வருடத்தைக் கழித்திருக்கலாம்.

மற்றப் பாதி உங்கள் கையில். புதுத் தொட்டியில் ராமை விடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் ஓடிய தொட்டி வேண்டும். கடையில் நிறத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பாருங்கள். மணலைக் கிளறுகிறதா, தீவனம் போட்டால் முன்னே வருகிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா, கழிவு வெள்ளை நூலாகத் தொங்காமல் இருக்கிறதா. கடைக்கு வந்து பத்து நாளாவது ஆன மீனை எடுங்கள். கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். என்னவென்று அளந்துகொண்டு, வீட்டுத் தண்ணீரையும் அதற்கு அருகில் கலந்து வைத்து, 28 டிகிரியில் தனித்தொட்டியில் மூன்று வாரம் வைத்திருங்கள். இவ்வளவு செய்ய மனமில்லை என்றால் பொலிவியன் ராம் வாங்குங்கள். நிறம் குறைவு, ஆனால் உங்களோடு சில வருடம் இருக்கும்.

ஜோடின்னு சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டும் சண்டை போடுது. ஆண், பெண் எப்படிப் பார்க்கிறது?

ககடுவாய்டிஸில் எளிது. ஆண் எட்டு சென்டிமீட்டர் வரை வளரும், முதுகுத்துடுப்பின் முன்கதிர்கள் நீண்டிருக்கும். பெண் ஐந்துக்குள், உருண்டை, சாம்பல் கலந்த மஞ்சள். ஆனால் பெரிய ஆணுக்குப் பயந்து கொண்டையை வளர்க்காமல் பெண்போலவே ஒதுங்கி வாழும் சின்ன ஆண்களும் உண்டு. கடைத்தொட்டியில் ‘பெண்’ என்று எடுத்துக் கொடுப்பது பலநேரம் அதுதான். கிரிபென்சிஸில் பெண் குட்டையாக, வயிறு செர்ரிச் சிவப்பாக இருக்கும். ஆண் நீளமாக, வால் நடுவில் கூர்ந்து இருக்கும்.

ப்ளூ ராம்தான் கடினம். பெண்ணுக்கு வயிற்றில் இளஞ்சிவப்புத் திட்டு இருக்கும், பக்கவாட்டுக் கரும்புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் சிதறியிருக்கும். பண்ணை வகைகளில் இந்த அடையாளங்களும் கலைந்துவிட்டன. ராம், கிரிபென்சிஸ் இரண்டிலும் நான் சொல்வது, ஐந்தாறு இளம் மீன்களாக வாங்கி, அவையே ஜோடி சேரும்வரை விடுங்கள். நாம் சேர்த்து வைக்கும் ஜோடி நிலைப்பது அபூர்வம்.

கூட வேற மீன் விடலாமா?

மேல்மட்டத்தில் நீந்தும் சிறு டெட்ராக்கள், பென்சில் மீன்கள் நல்ல துணை. மேலே நாலு மீன் அமைதியாகத் திரிந்தால்தான் ஆபத்தில்லை என்று அபிஸ்டோ வெளியே வரும். டைகர் பார்ப் வேண்டாம். குஞ்சு வேண்டும் என்பவர்கள் தரையில் மேயும் குட்டிக் கெளுத்தியான கோரிடோராஸையும் தவிர்க்கவும். இரவில் அது முட்டையைத் தேடித் தின்னும். தாய் மீன் அதன் கண்ணைக் குத்தும். இரண்டு அபிஸ்டோ இனங்களை ஒரே தொட்டியில் வைக்கவே கூடாது. பெண்கள் ஒன்றுபோலவே இருக்கும், கலப்பினக் குஞ்சு பிறந்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

என்ன சாப்பாடு போடணும்? பெல்லட் தொட மாட்டேங்குது.

அசைவதைத்தான் அவை உணவு என்று அறியும். ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற நுண்ணிய உயிர்), டாஃப்னியா (நீர்த்தெள்ளு), கொசுப்புழு என்று தொடங்கி, இடையிடையே சின்ன அளவு மூழ்கும் பெல்லட் போட்டுப் பழக்குங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். கொசுப்புழுவுக்காக வாளியில் தண்ணீர் தேக்குபவர்கள் தினமும் வடிகட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு டெங்கு. கடையில் விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடை ஓரத்தில் எடுக்கப்படுவது. நான் போடுவதில்லை.

பெண் மீன் திடீர்னு எலுமிச்சை மஞ்சளா மாறி ஆணை விரட்டுது. நோயா?

நோயில்லை, முட்டை வைத்திருக்கிறது! கன்னத்திலும் உடலிலும் கறுப்புக்கோடு தெளிந்து, உடல் மஞ்சளாக மாறினால், குகையின் கூரையில் அறுபது எழுபது சிவந்த முட்டைகள் ஒட்டியிருக்கும். கிரிபென்சிஸும் குகைதான். ராம் மட்டும் திறந்தவெளியில், தட்டையான கல்லிலோ குழியிலோ இடும்.

குகைக்குக் கொட்டாங்குச்சியைவிட நல்லது எதுவும் இல்லை. தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, இருமுறை கொதிக்கவைத்து, கவிழ்த்து, விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வாசல் வெட்டுங்கள். பெண் நுழைய வேண்டும், ஆண் நுழையக் கூடாது. அந்த அளவுதான் அவளுக்குப் பாதுகாப்பு. இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பது.

ரெண்டு நாள் முட்டை இருந்தது. மூணாம் நாள் காணோம். தின்னுடுச்சா?

தின்றிருக்கலாம், தின்னாமலும் இருக்கலாம். மூன்றாம் நாள்தான் முட்டை பொரியும். பொரிந்த குஞ்சு உடனே நீந்தாது. வாலை ஆட்டியபடி ஒட்டிக் கிடக்கும், மேலும் ஐந்தாறு நாள் கழித்துத்தான் எழும்பும். அந்த நாட்களில் தாய் அவற்றை வாயில் கவ்வி மணல் குழிக்கோ இலைக்கு அடியிலோ மாற்றி வைக்கும். எனக்கு முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன். குகை காலி என்று பார்த்துவிட்டு, போனது போகட்டும் என்று குழாய் வைத்து அடியைச் சுத்தம் செய்தேன். வாளியில் பார்த்தால் அறுபது குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. திரும்ப விட்டும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தாய் மூன்று நாள் அந்தக் குழியைச் சுற்றியே நின்றது. அதிலிருந்து, முட்டை காணாமல் போனால் பத்து நாள் எதையும் தொடாதே என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

நிஜமாகவே தின்றிருந்தால், இளம் ஜோடி முதல் மூன்று நான்கு முறை அப்படித்தான் செய்யும். முட்டைகள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்து அகற்றப்பட்டிருந்தால் தண்ணீர் இன்னும் கடினமாக இருக்கிறது என்று பொருள். கலவைக் கணக்கை மேலே பாருங்கள். இரவில் சட்டென்று முழு இருட்டாவதும் தாயைக் கலவரப்படுத்தும். எதிர்ச் சுவரில் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும்.

முட்டையைத் தனியா எடுத்துப் பொரிக்க வெச்சா எல்லாம் பிழைக்குமே?

பிழைக்கும். முட்டையோடு கல்லை எடுத்து, அதே தண்ணீரில், மெத்திலீன் ப்ளூ இரண்டு சொட்டு விட்டு, பக்கத்தில் மெல்லிய காற்றுக் குமிழி ஓடவிட்டால் நிறையக் குஞ்சு கிடைக்கும். விற்பனைக்காகச் செய்பவர்கள் அப்படிச் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. குஞ்சைக் காக்கத் தெரியாத தாயின் முட்டையையும் நாம் காப்பாற்றிப் பெருக்கிக்கொண்டே போனால், காக்கத் தெரியாத மீன்களே மிஞ்சும். ப்ளூ ராமுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து முறை வாய்ப்புக் கொடுங்கள். ஆறாவது முறை வேண்டுமானால் எடுங்கள்.

குஞ்சு நீந்த ஆரம்பிச்சுடுச்சு. என்ன குடுக்கிறது? முட்டை மஞ்சக்கரு போடலாமா?

மஞ்சள்கரு தண்ணீரைக் கெடுக்கும், வேண்டாம். அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாதான் மன்னாதி மன்னன். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, 28 டிகிரி, வேகமான காற்று; 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்தி ஒரு மூலையில் டார்ச் அடித்தால் ஆரஞ்சு நிறத்தில் அங்கே கூடும். ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் தங்கும், நடுவில் உள்ளதை உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். வெளிநாட்டு டப்பாவில் வாங்கும் இந்த உயிரினம் நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இயற்கையாகவே வாழ்கிறது.

அபிஸ்டோ, கிரிபென்சிஸ் குஞ்சுகள் முதல் நாளே ஆர்ட்டீமியா தின்னும். வயிறு ஆரஞ்சாகத் தெரியும், அதுதான் அடையாளம். ராம் குஞ்சுகளுக்கு வாய் சிறிது. முதல் நாலைந்து நாள் மைக்ரோவார்ம் அல்லது வினிகர் புழு தேவை. ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து சதவீதத் தண்ணீர், மெல்லிய ஏர் குழாயால் மாற்றுங்கள். குஞ்சுகள் திடீர்த் தண்ணீர் மாற்றத்தைத் தாங்காது.

ஆணை எடுத்துடணுமா? குஞ்சை எப்ப பிரிக்கிறது?

இரண்டு அடி தொட்டியில் அபிஸ்டோ ஆணின் துடுப்பு கிழிந்து, மூலையில் மேல்மட்டத்தில் ஒதுங்கி நின்றால் எடுத்துவிடுங்கள். மூன்று அடியில் பெரும்பாலும் தேவைப்படாது. அவன் வெளி எல்லையைக் காப்பான். ராம், கிரிபென்சிஸில் இருவரும் சேர்ந்துதான் குஞ்சு வளர்ப்பார்கள், பிரிக்காதீர்கள். ஒருவரை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்ப விட்டால் ஜோடி உடைந்து கொலையில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். நான்கு முதல் ஆறு வாரத்தில் தாய் தானே குஞ்சுகளை விரட்டத் தொடங்கும். அடுத்த முட்டைக்குத் தயாராகிறாள் என்று பொருள். அப்போது குஞ்சுகளை எடுங்கள்.

நாப்பது குஞ்சு வளர்த்தேன், அத்தனையும் ஆண். இது எப்படி?

எந்த மாதத்தில் பொரித்தது என்று கேட்டால் ஏப்ரல், மே என்பார்கள். அபிஸ்டோவில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைப் பெருமளவு முதல் மாதத்தின் வெப்பம் தீர்மானிக்கிறது. ரோமர், பைசன்ஹெர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 37 அபிஸ்டோ இனங்களில் 33-இல் வெப்பம் பால்விகிதத்தை மாற்றியது. சூடு கூடினால் ஆண், குறைந்தால் பெண். ஆகவே சென்னையில் மார்கழி, தை மாதக் குஞ்சுகளை வளர்த்தெடுங்கள். 25, 26 டிகிரியில் இரண்டும் கலந்து வரும்.

கிரிபென்சிஸில் விஷயம் பி.எச். அமிலத் தண்ணீரில் ஆண் அதிகம், நடுநிலையைத் தாண்டினால் பெண் அதிகம். போர் தண்ணீரில் வளர்ப்பவர்கள் வீட்டில் பெண்களாக நிறைந்திருப்பது அதனால்தான். பி.எச். 7-ஐ ஒட்டி வைத்துப் பாருங்கள்.

மீனோட ஆசனவாய்ல சிவப்பு நூல் மாதிரி தொங்குது. தானா போயிடுமா?

போகாது. அது கமல்லானஸ் என்ற குடற்புழு. ஒரு மீனில் தெரிந்தால் அந்தத் தொட்டி முழுவதற்கும் மருந்து வேண்டும். லெவாமிசோல் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் கணக்கில், விளக்கை அணைத்து, 24 மணி நேரம். மருந்து புழுவைச் செயலிழக்கத்தான் வைக்கும். எனவே மறுநாள் அடியை உறிஞ்சிச் சுத்தம் செய்து, பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இதற்காகத்தான் ப்ளூ ராம் பற்றிய பதிலில் சொன்ன தனித்தொட்டி.

நத்தை ஓட்டுல குடியிருக்கிற மீன்னு சொன்னீங்களே, அது என்ன?

நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ். ‘மல்டி’ என்பார்கள். ஆணே நாலரை சென்டிமீட்டர்தான், பெண் மூன்று. உலகின் மிகச் சிறிய சிச்லிட்களில் ஒன்று. டாங்கனிகா ஏரியின் அடியில் நியோதாமா நத்தையின் காலி ஓடுகள் படுகையாகக் குவிந்து கிடக்கின்றன. அங்கே ஆளுக்கு ஓர் ஓடு. அந்த ஏரித் தண்ணீர் கடினமானது, பி.எச். 8-க்கு மேல். கடினத்தன்மையால் டி.டி.எஸ். ஏறிய போர் தண்ணீரை, குழாயைத் திறந்து அப்படியே இதற்கு ஊற்றலாம். ஆர்.ஓ. கலக்க வேண்டாம், இலை வேண்டாம், எலுமிச்சைச் சோதனையில் நுரைக்கும் கிளிஞ்சல் மணலே இதற்கு நல்லது.

ஓட்டுக்கு வயல் நத்தை போதும். டெல்டாப் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு பை காலி ஓடு கேட்டு வாங்கி, கொதிக்கவைத்து, உள்ளே சதை எதுவும் இல்லாமல் கழுவிப் போடுங்கள். மீன் எண்ணிக்கையைப்போல இரண்டு மூன்று மடங்கு ஓடு இருக்கட்டும். மணல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம். மறுநாள் காலையில் பார்த்தால், ஒவ்வொரு மீனும் தன் ஓட்டை மணலுக்குள் இறக்கி, வாசலை மட்டும் மேலே வைத்திருக்கும். குஞ்சுகளைப் பிரிக்கும் வேலையும் கிடையாது. அண்ணன், அக்கா, புதுக்குஞ்சு எல்லாம் ஒரே கூட்டுக்குடும்பமாக இருக்கும். கோடையில் காற்று மட்டும் கூடுதலாகக் கொடுங்கள். சென்னை வாசிகளுக்கு இதைவிடப் பொருத்தமான குட்டி சிச்லிட் இல்லை. கடைக்காரரிடம் சொல்லி வைத்தால், சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் அவ்வப்போது வரும்.

நம்ம ஊரு சிச்லிட் ஏதும் வளர்க்க முடியாதா?

இந்தியாவுக்குச் சொந்தமான சிச்லிட்கள் மூன்றே. அதில் சிறியது ஆரஞ்சு குரோமைடு. கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காயல், கழிமுகங்களில் வாழ்கிறது. எட்டு சென்டிமீட்டர் அளவு, கடினத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் அதற்கு இயல்பு. இதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும், டிஸ்கஸ் குஞ்சுகளைப்போல. மூன்று அடி தொட்டியில் ஆறு மீன் வையுங்கள். வெளிநாட்டு மீனுக்காக அலையும் நாம் இதை இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டது எனக்கு உண்மையான வருத்தம்.

குஞ்சு இருநூறு ஆயிடுச்சு. பக்கத்து ஏரில விட்டுடலாமா?

விடவே விடாதீர்கள். கிணற்றிலும் வேண்டாம், கோயில் குளத்திலும் வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அதாவது முதல் பதிலில் சொன்ன ஜிலேபி கெண்டை, இன்று எந்த ஏரியில் வலை போட்டாலும் முதலில் ஏறுகிறது. அதுவும் குஞ்சைக் காக்கத் தெரிந்த சிச்லிட்தான். அதனால்தான் உள்ளூர் மீன்களை ஓரங்கட்டிப் பெருகியது.

இரண்டரை சென்டிமீட்டர் ஆனதும் கடைக்காரரிடம் கொடுத்து, பதிலுக்குத் தீவனம் வாங்கிக்கொள்ளலாம். புதிதாக வளர்ப்பவருக்கு ஆறு ஆறாகக் கொடுக்கலாம். கொடுக்கும் பையின்மேல் இனத்தின் பெயர், பொரித்த மாதம், உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., பி.எச். நான்கையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு குஞ்சுப் பொரிப்புக்கு மேல் கொடுக்க ஆள் இல்லையென்றால், கொட்டாங்குச்சியைச் சில மாதம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் ஓய்வெடுக்க விடுங்கள். கிரிபென்சிஸையும் ராமையும் மறுபடி சேர்க்கும்போது நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, சில நாள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள விட்டபிறகு எடுங்கள்.